வெள்ளை ஈயின் நாட்காட்டி

பூச்சிகளை விரட்ட ரோஸ்மேரி எண்ணெயைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அமெரிக்காவில், ஆபத்து மிகக் குறைவு என்பதால் அரசுப் பதிவே தேவையில்லை என்று விலக்குப் பெற்ற பூச்சிக்கொல்லிப் பொருள்களின் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு. அந்த எண்ணெயைத் தன் இலையிலேயே சுமந்து நிற்கும் செடியின் தொட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். பொடிப்பொடியாய் ஒரு வெள்ளைக் கூட்டம் எழும்பி, சற்றுச் சுற்றிவிட்டு, அதே கிளைக்கே வந்து உட்காரும். விரட்டும் மருந்துக்குள்ளேயே குடித்தனம்!

தமிழ்நாட்டு மொட்டை மாடிகளுக்கு ரோஸ்மேரி வந்து அதிக காலம் ஆகவில்லை. நீலகிரியில் எண்ணெய்க்காகவும் காய்ந்த இலைக்காகவும் அதை விளைவிக்கிறார்கள். சமவெளியில் அதற்கு மவுசு வந்தது தலைமுடியால். 2015-இல் வெளியான ஈரானிய ஆய்வு ஒன்று, 100 பேரிடம் ஆறு மாதம் நடத்திப் பார்த்ததில் ரோஸ்மேரி எண்ணெய், முடி வளர்ச்சி மருந்தான மினாக்ஸிடிலின் 2 சதவீதக் கரைசலுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்ததாகச் சொன்னது. சின்ன ஆய்வுதான், ஆனால் முடி விஷயத்தில் மனிதருக்குச் சின்ன நம்பிக்கையே போதும். நர்சரிகளில் துளசிக்குப் பக்கத்தில் ரோஸ்மேரித் தொட்டிகள் வந்துவிட்டன. மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகளில் வெயிலிலும் வறட்சியிலும் வளர்ந்து பழகிய செடி, இன்று பால்கனி நிழலில், தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டியில், தினமும் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறது. வெள்ளை ஈ விவகாரத்தில் இதற்கும் பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த எண்ணெய் ஏன் செடியைக் காப்பாற்றவில்லை என்று பார்ப்போம். ரோஸ்மேரியின் வாசனை இலை முழுக்கக் கரைந்து கிடப்பதில்லை. இலையின் அடிப்பக்கத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வு போர்த்திய ஓர் எண்ணெய்ப் பை. சினியோல், கற்பூரம், ஆல்ஃபா பைனீன் போன்ற வாசனைப் பொருள்கள் அதற்குள் அடைபட்டிருக்கின்றன. விரலால் கசக்கினால் பை உடைந்து மணம் கிளம்புகிறது. புழு கடித்தாலும் அதேதான். அதன் வாய் நிறைய எண்ணெய். கடித்துத் தின்கிற பூச்சிக்கு எதிராக இது நல்ல ஏற்பாடு.

வெள்ளை ஈ கடிப்பதில்லை. அது ஈ இனமே அல்ல. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் பங்காளி. அவற்றைப் போலவே அதற்கும் ஊசி வாய், மனித முடியைவிட மெல்லியது. அந்த ஊசி, உயிரணுக்களைக் குத்திக் கிழித்துக்கொண்டு போகாமல் பெரும்பாலும் அவற்றின் இடைச்சந்துகளில் நெளிந்து நுழைந்து, சர்க்கரைச் சாறு ஓடும் குழாயை எட்டுகிறது. வழியில் எண்ணெய்ப் பை எதுவும் உடைவதில்லை. பஞ்சாபில் 2015-இல் பருத்தி வயல்களை வெள்ளை ஈ சூறையாடியபோதும் கதை இதுதான். அங்கே நின்றது பி.டி. பருத்தி. அதன் நஞ்சு காய்ப்புழுவைக் குறிவைத்து ஊட்டப்பட்டது. சாறுறிஞ்சிக்கு அது பொருட்டே அல்ல.

இதற்கும் மேலே ஒரு சங்கதி இருக்கிறது. 2021-இல் சீன விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு பூச்சியியல் உலகையே ஒரு கணம் நிமிர வைத்தது. பெமிசியா டபாசி என்னும் வெள்ளை ஈயின் மரபுத்தொகுப்பில், தாவரத்துக்குச் சொந்தமான ஒரு மரபணு உட்கார்ந்திருந்தது. செடிகள் பூச்சிகளுக்கு எதிராகத் தயாரிக்கும் ஒரு வகை ஃபீனாலிக் நஞ்சைச் செயலிழக்கச் செய்வது அந்த மரபணுவின் வேலை. தன் நஞ்சால் தானே பாதிக்கப்படாமலிருக்கச் செடி வைத்திருந்த மாற்று மருந்தை, ஏறக்குறைய 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எப்படியோ, அநேகமாக ஒரு வைரஸ் வழியாக, இந்தப் பூச்சி கைப்பற்றியிருக்கிறது. அந்த மரபணுவை முடக்கும் விதமாக மாற்றியமைத்த தக்காளிச் செடிகளைத் தின்னக் கொடுத்தபோது வெள்ளை ஈக்கள் மடிந்தன. மற்ற பூச்சிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செயற்கை மருந்துகளிலும் அதன் சாமர்த்தியம் குறைந்ததல்ல. ஐம்பதுக்கும் மேற்பட்ட பூச்சிக்கொல்லி மூலப்பொருள்களுக்கு இந்த ஒரே இனம் எதிர்ப்புத் திறன் காட்டியிருக்கிறது. ஆகவே எந்தத் திரவம் காரம் அதிகம், எது இன்னும் வீரியம் என்ற தேடலில் நாம் அதை ஜெயிக்கப் போவதில்லை. அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: அதன் வாழ்க்கையின் பெரும் பகுதியில் அதனால் ஓர் அங்குலம்கூட நகர முடியாது.

தாய் வெள்ளை ஈ இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடுகிறது. முட்டைக்கு ஒரு சின்னக் காம்பு உண்டு. அந்தக் காம்பை இலைத் திசுவுக்குள் செருகிவிடுகிறது. அதன் வழியாக முட்டை இலையிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பொரிந்து வரும் குஞ்சுக்குக் கால்கள் உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்கு மட்டும். அது கொஞ்ச தூரம் ஊர்ந்து, நல்ல இடமாகப் பார்த்து ஊசியை இறக்கும். முதல் தோலை உரித்ததும் கால்கள் பயனற்றுப் போகின்றன. அதன்பிறகு சிறகு முளைக்கும்வரை அதே இடத்தில், தட்டையான செதில் மாதிரி ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சியபடி கிடக்கும். மொத்தம் மூன்று முறை தோலுரித்து, கடைசி நிலையில் உணவை நிறுத்தி, இரண்டு சிவப்புக் கண்கள் மேலாகத் தெரிய ஆரம்பிக்கும்போது வெளிவரத் தயார் என்று அர்த்தம்.

நம் கோடை வெப்பத்தில் முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய மூன்று வாரம். குளிர் காலத்திலும் மலைப்பகுதியிலும் இது ஒரு மாதத்துக்கு மேலும் நீளும். ஒரு பெண் ஈ நூறிலிருந்து முந்நூறு முட்டைகள்வரை இடலாம். ஆண் இல்லாவிட்டாலும் முட்டையிடும். கருவுறாத முட்டைகள் ஆண்களாகிவிடும். எனவே ஒரே ஒரு கன்னி ஈ புதிய மாடிக்கு வந்து சேர்ந்தாலும், தன் பிள்ளைகளை வைத்தே குலத்தைத் தொடங்கிவிட முடியும்.

இப்போது வழக்கமாக நடப்பதை யோசியுங்கள். சனிக்கிழமை மாலை வெள்ளைக் கூட்டம் கண்ணில் படுகிறது. ஞாயிறு காலை வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கிறோம். பறந்துகொண்டிருந்தவை பாதி சாகின்றன, பாதி பக்கத்து வீட்டுக்குப் போகின்றன. செடி சுத்தமாகத் தெரிகிறது. அடுத்த வாரத்துக்குள் மறுபடி கூட்டம். "வேப்பெண்ணெய் வேலைக்காகாது, வேற எதாவது சொல்லுங்க" என்று நர்சரிக்காரரிடம் போய் நிற்கிறோம். திரும்பி வந்தவை பழைய ஈக்கள் அல்ல. அடித்த அன்று கடைசி நிலைச் செதிலாக, மெழுகு போர்த்திக்கொண்டு இலைக்கடியில் கிடந்தவை அவை. முட்டைகளுக்கும் அன்று ஒன்றும் ஆகியிருக்காது. மருந்து தோற்கவில்லை, நாம் ஒரு நாள் வேலை செய்துவிட்டு மூன்று வாரக் கணக்கை மூடிவிட்டோம்.

ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒரு முறை, குறைந்தது நான்கு முறை. எந்த முறையைக் கையாண்டாலும் இந்த இடைவெளிதான் உயிர்நாடி. முதல் சுற்றில் தப்பிய முட்டை, இரண்டாம் சுற்றில் மென்மையான குஞ்சாக இருக்கும், அன்று சிக்கும். முதல் சுற்றில் தப்பிய முதிர்ந்த செதில், இரண்டாம் சுற்றில் சிறகு முளைத்திருக்கும். அது முட்டையிட்டுத் தீர்ப்பதற்குள் அடி வாங்கும். பத்து நாள் விட்டு அடித்தால் அதற்குள் புதிய முட்டைகள் இலையில் செருகப்பட்டிருக்கும். நாம் துரத்திக்கொண்டே இருப்போம், அது முன்னால் போய்க்கொண்டே இருக்கும்.

நாளைச் சரியாகப் பிடித்தாலும் ரோஸ்மேரியில் இடத்தைப் பிடிப்பது கஷ்டம். கத்தரி இலையைப் புரட்டித் துடைத்துவிடலாம். ரோஸ்மேரி இலை ஊசி மாதிரி ஒடுங்கியது; அதன் இரு ஓரங்களும் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். அடியில் வெண்பஞ்சு போன்ற மெல்லிய முடிப் படலம். தன் நாட்டின் வறண்ட காற்றில் ஈரம் போகாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. மேலிருந்து தெளிக்கும் திரவம் மேற்பரப்பின் மெழுகில் உருண்டு கீழே விழுந்துவிடும். அடியில் சுருண்ட ஓரங்களுக்கு நடுவிலுள்ள அந்தப் பள்ளத்தில், முடிப் படலத்துக்கு மேல், வெள்ளைச் செதில் பாதுகாப்பாக இருக்கும். அங்கே எல்லாமே வெள்ளை என்பதால் சட்டென்று அடையாளமும் தெரியாது. பலர் ஆரோக்கியமான இலையின் இயல்பான வெண்முடியையே பூச்சி என்று பயந்து மருந்தடித்திருக்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிவைத்துக்கொள்வது, எந்த இயற்கை மருந்து பாட்டிலையும் விட உருப்படியான செலவு.

இதனால்தான் சின்னத் தொட்டிச் செடிக்கு நான் முதலில் சொல்வது தெளிப்பானை அல்ல, வாளியை. தொட்டி மண்ணின் மேல் ஒரு துணியையோ பாலிதீன் பையையோ போர்த்தி, தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சோப்புக் கரைசல் நிரம்பிய வாளியில் முக்கி, மெல்ல நாலு முறை ஆட்டி எடுக்க வேண்டும். சுருண்ட ஓரத்துக்குள்ளும் தண்ணீர் புகும். அதிகாலையில் செய்வது நல்லது. குளிர்ச்சியில் வெள்ளை ஈக்கள் மந்தமாக இருக்கும், எழும்பிப் பறக்காது. வீட்டில் சின்ன வேக்குவம் கிளீனர் இருந்தால், முக்குவதற்கு முன் அதே அதிகாலையில், கிளைகளில் மந்தமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை உறிஞ்சிவிடலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்களே பரிந்துரைக்கும் முறைதான் இது. உறிஞ்சிய பையை உறைபெட்டியில் ஓரிரவு வைத்துவிட்டு அப்புறம் கொட்ட வேண்டும்.

முக்க முடியாத அளவு வளர்ந்த செடிக்கு, குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்தி வேகமாகக் கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்ச வேண்டும். வெறும் தண்ணீரே பெரியவற்றையும், ஊரும் பருவத்துக் குஞ்சுகளையும் கணிசமாக அடித்துச் செல்லும். ஊசி இறக்கிவிட்டவை போகாது. அவற்றுக்குச் சோப்பு வேண்டும்.

சோப்பு எப்படிக் கொல்கிறது? பூச்சியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெழுகுப் பூச்சைக் கரைத்து, மென்மையான தோலின் செல் சவ்வுகளைக் குலைத்து, உள்ளிருக்கும் ஈரத்தைக் கசியவிட்டுக் கொல்கிறது. ஈரமாக இருக்கும்வரைதான் இந்த வேலை. காய்ந்த சோப்பால் பயனில்லை. நேற்று அடித்தது இன்று வந்து உட்காரும் ஈயை ஒன்றும் செய்யாது. வெயிலில் அடித்தால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும் என்பதால் காலை அல்லது அந்தி நேரமே சரி. லிட்டருக்கு 10 கிராம் காதி சோப்பைச் சீவிக் கரைத்தால் போதும். பாத்திரம் தேய்க்கும் திரவமும் துணி சோப்புத் தூளும் வேண்டாம். அவை டிடர்ஜென்ட் வகை, இலையின் மெழுகையும் சேர்த்து உரித்துவிடும்.

சென்னை போன்ற ஊர்களில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். குளிக்கும்போது சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரிவது இதனால்தான். தெளிப்பானுக்குள்ளும் அதே திரிப்பு நடக்கும். கரைய வேண்டிய சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகிப் படிந்துவிடும். பூச்சிக்குப் போய்ச்சேர்வது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். நாசில் வேறு அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீரையோ, ஆர்.ஓ.வில் வடிகட்டிய குடிநீரையோ பயன்படுத்தினால் அதே சோப்பு, அதே அளவில், நன்றாக வேலை செய்யும். ஒரு சிறு கிளையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முழுச் செடிக்கும் அடிப்பது நல்லது.

வேப்பெண்ணெயின் வேலை முற்றிலும் வேறு. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் மொட்டையடித்தபோது வேப்ப மரங்களை மட்டும் தொடாமல் போனதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கவனித்தார். 1968-இல் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. இது உடனடியாகக் கொல்லும் விஷமல்ல. பூச்சியின் பசியைக் கெடுக்கும்; இளம் பூச்சி தோலுரிக்க ஏவும் ஹார்மோனின் வேலையைக் குழப்பும். தோலுரிக்க முடியாத குஞ்சு, பழைய தோலுக்குள்ளேயே சாகும். ஆகவே வேப்பெண்ணெய் அடித்த மறுநாள் செடியைத் தட்டிப் பார்த்து ஈக்களை எண்ணுவதில் பொருளில்லை. அதன் பலன் அடுத்த வாரம் வரவேண்டிய ஈக்கள் வராமல் போவதில் தெரியும்.

லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்க மட்டும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். எண்ணெயையும் சோப்பையும் முதலில் குழைத்துப் பிறகு தண்ணீர் சேர்த்தால் பால் மாதிரி ஆகும். மேலே எண்ணெய் மிதந்தால் கலக்கவில்லை என்று பொருள், அப்படியே அடித்தால் இலை கருகும். அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் அந்தியில்தான் அடிக்க வேண்டும். கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். உரக்கடையில் பி.பி.எம். அளவு அச்சிட்ட பாட்டில்கள் கிடைக்கின்றன: 300, 1500, 3000, 10000 என்று. அந்த எண் அசாடிராக்டினின் அளவு. எண் கூடக்கூடக் கலக்க வேண்டிய மில்லி குறையும், பாட்டிலில் போட்டிருப்பார்கள். பூஜைக் கடையில் விளக்கேற்ற விற்கும் வேப்பெண்ணெயை நம்பி இறங்க வேண்டாம்.

மஞ்சள் அட்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளை ஈயின் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த அலைவரிசை என்றால் இளந்தளிர். பளீரென்ற மஞ்சளை அது அமோகமான தளிர் என்று எடுத்துக்கொண்டு போய் ஒட்டிக்கொள்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் தாளில் விளக்கெண்ணெய் தடவினாலும் வேலை நடக்கும். ஆனால் அட்டையில் ஒட்டியவற்றைப் பார்த்துத் திருப்திப்படுவதில் ஓர் ஏமாற்று இருக்கிறது: இலைக்கடியில் இருக்கும் முட்டையும் குஞ்சும் அட்டைக்கு ஒருபோதும் வராது. அதை வேவுக்காரனாக வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு வாரம் ஒட்டும் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கலாம். செடியின் உச்சி உயரத்தில் தொங்கவிட வேண்டும். கூட்டம் அடங்கியதும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் நமக்கு வேண்டிய பூச்சிகளும் அதில் போய் ஒட்டும்.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசல், புளித்த மோர், பத்திலைக் கஷாயம் என்று மாடித்தோட்டக்காரர்களிடம் சமையல் குறிப்புகள் ஏராளம். வாடையால் பெரிய ஈக்கள் ஓரிரு நாள் ஒதுங்கும். ஒட்டிக்கிடக்கும் செதிலுக்கு வாடை பொருட்டல்ல. அதனால் ஓடவும் முடியாது. மெனக்கெட ஆசையிருந்தால் செய்யட்டும், கெடுதல் இல்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன்: புகையிலைக் கரைசல். இயற்கைதான், சந்தேகமில்லை. ஆனால் அதிலுள்ள நிகோடின் தோல் வழியாகவே உடலில் ஏறும். ஈரப் புகையிலை இலையைப் பறிக்கும் கூலியாட்களுக்கு வாந்தியும் மயக்கமும் வருவது அதனால்தான். தேநீரிலும் ரசத்திலும் தலையிலும் போகப்போகிற ரோஸ்மேரி இலையில் அதை அடிப்பதைவிட வெள்ளை ஈயோடு வாழ்ந்துவிடலாம். கடையில் வாங்கும் செயற்கை மருந்துக்காவது, அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் எழுதியிருக்கும். அடுப்பில் காய்ச்சிய புகையிலைக்கு அதுவும் கிடையாது.

மருந்தை விட்டு மாடியைச் சுற்றிப் பார்ப்போம். வெள்ளை ஈக்கு ரோஸ்மேரி முதல் விருப்பமல்ல. கத்தரி, தக்காளி, வெண்டை, செம்பருத்தி, கொய்யா கிடைத்தால் அங்கேதான் பெருகும். நல்ல வெயிலில், காற்றோட்டமாக நிற்கும் ரோஸ்மேரியில் பெருங்கூட்டம் வைப்பது அபூர்வம். அப்படி வைத்திருந்தால் பக்கத்தில் எங்கோ ஊற்றுக்கண் இருக்கிறது என்று பொருள். காய்ப்பு முடிந்தும் பிடுங்க மனமில்லாமல் விட்டுவைத்த கத்தரிச் செடி ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். அதன் இலையைத் திருப்பிப் பாருங்கள். அதை அப்புறப்படுத்தாமல் ரோஸ்மேரிக்கு நான்கு சுற்று அடிப்பது வீண் வேலை. பிடுங்கும்போதும் உதறக் கூடாது. முதலில் முழுச் செடிக்கும் பையை மாட்டிக் கட்டி, பிறகு அறுத்து, பையோடு வெயிலில் இரண்டு நாள் வைத்துவிட வேண்டும். வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமலையும் தக்காளிக்கு இலைச்சுருட்டையையும் கொண்டுவருவதும் இதே பெமிசியாதான். ரோஸ்மேரியைவிட அவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம்.

உரம் இன்னொரு காரணம். இலைச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதத்துக்கான அமினோ அமிலம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக வெள்ளை ஈ ஏராளமான சாற்றைக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான துளிகளாகக் கழிக்கிறது. இலை ஒட்டுவதும், அதன்மேல் கரும்பூசணம் படர்வதும், எறும்பு வரிசை கட்டுவதும் அதனால். செடிக்குத் தழைச்சத்து கூடினால் சாற்றில் அமினோ அமிலம் கூடும். வெள்ளை ஈ வேகமாக வளரும், அதிகமாக முட்டையிடும். கடலைப் புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம், மண்புழு உரம் என்று வாரத்துக்கு ஒன்றாக ஊட்டுகிற கை, வெள்ளை ஈக்கும் சேர்த்தே ஊட்டுகிறது. ரோஸ்மேரி பசித்துக் கிடக்க வேண்டிய செடி. மணல் கலந்த, தண்ணீர் தங்காத மண், ஆறு மணி நேர வெயில், மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர், வருஷத்துக்கு ஓரிரு முறை உரம் போதும். நிழலில் ஊட்டி வளர்த்த கிளை நீளமாக, வெளிறி, மெத்தென்று இருக்கும். அதை வெட்டி எறிவதே முதல் சிகிச்சை. பச்சை இலையுள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இலையற்ற முற்றிய கட்டைவரை இறங்கி வெட்டினால் அங்கிருந்து துளிர்க்காது. சொல்லப்போனால் வெள்ளை ஈயால் செத்த ரோஸ்மேரிகள் குறைவு; தினமும் தண்ணீர் ஊற்றி வேரழுகிச் செத்தவைதான் அதிகம்.

எறும்பைச் சொன்னேன். சர்க்கரைத் துளிக்காக வரும் எறும்புகள், வெள்ளை ஈயின் எதிரிகளையும் விரட்டிவிடும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்தினால் எறும்பு ஏறாது. அந்த எதிரிகள் யார் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1926-இல் இங்கிலாந்தில் கண்ணாடிக் குடிலில் தக்காளி வளர்த்த ஒருவர், வெள்ளை ஈயின் வெளிறிய செதில்களுக்கு நடுவே சில கன்னங்கரேலென்று இருப்பதைக் கவனித்து, பூச்சியியலாளர் ஈ. ஆர். ஸ்பேயரிடம் காட்டினார். லண்டனுக்கு வடக்கே செஷன்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஸ்பேயர், கறுத்த செதில்களுக்குள்ளிருந்து வெளிவந்தது என்கார்சியா ஃபார்மோசா என்னும் குளவி என்று கண்டார். குளவி என்றதும் பயப்பட வேண்டாம். நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, மனிதரைக் கொட்டாது. செதிலுக்குள் முட்டையிடும், பிறக்கும் புழு செதிலை உள்ளிருந்தே தின்று, அதற்குள்ளேயே வளர்ந்து, துளையிட்டு வெளியேறும். சில ஆண்டுகளில் அந்த நிலையம் ஆண்டுக்கு 15 லட்சம் குளவிகளை வளர்த்து நூற்றுக்கணக்கான நர்சரிகளுக்கு அனுப்பியது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரைக்கும் குளவி போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வந்தது, குளவி எதற்கு என்று 1949-இல் வளர்ப்பை நிறுத்தினார்கள். பூச்சிகள் மருந்துக்குப் பழகிய பிறகு, 1970-களில் மறுபடி அதே குளவியைத் தேடிப் போனார்கள்.

நமக்கு இந்தப் பாடம் பொள்ளாச்சியில் கிடைத்தது. 2016-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகப் பொள்ளாச்சித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டது. 2004-இல்தான் நடு அமெரிக்காவின் பெலீஸ் நாட்டு மாதிரிகளைக் கொண்டு அறிவியல் அதற்குப் பெயரே வைத்திருந்தது. ஓலைகள் கரும்பூசணத்தால் கறுத்துப்போக, விவசாயிகள் என்ன மருந்து என்று கேட்டபோது வேளாண் விஞ்ஞானிகள் சொன்ன பதில் பலருக்கு எரிச்சலூட்டியது: ரசாயன மருந்து அடிக்காதீர்கள். ஏனென்றால் என்கார்சியா குவாடலூப்பே என்னும் குளவி ஏற்கெனவே செதில்களில் வேலையைத் தொடங்கியிருந்தது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள், விசைத்தெளிப்பானில் தண்ணீர், கரும்பூசணத்தை உரித்தெடுக்க மைதாக் கஞ்சி, குளவி உள்ள ஓலைத் துண்டுகளைக் குளவி இல்லாத தோப்புக்கு எடுத்துச் சென்று கட்டுவது என்று ஆலோசனைகள் வந்தன. வெள்ளை ஈ அடியோடு ஒழிந்துவிடவில்லை. இன்றும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. கோடிக்கணக்கான தென்னைகளுக்கு மருந்தடித்து இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாடியில் இதுபோன்ற குளவிகள் தாமாகவே வரும், பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் வரும். அவற்றுக்குத் தேன் தரக் கொத்தமல்லியையும் சோம்பையும் கொஞ்சம் பூக்கவிட்டால் போதும். ரோஸ்மேரியே பூத்தாலும் நல்லது. ஒவ்வொரு சுற்று சோப்பு அடிக்கும் முன்பும் கைலென்ஸை எடுத்துக்கொண்டு, நாலைந்து இலைகளைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கறுத்தோ பழுப்பேறியோ இருக்கும் செதில்கள் இருந்தால் அந்தக் கிளையை அடிக்காமல் விட்டுவிட வேண்டும். உள்ளே குளவி இருக்கலாம். சோப்பு, குளவியின் பருவத்தையும் பார்க்காது, பூச்சியின் இனத்தையும் பார்க்காது.

நான்கு சுற்று முடிந்த பிறகும் இலைக்கடியில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவசரப்பட்டு ஐந்தாவது சுற்றுக்குப் போக வேண்டாம். செத்த செதிலும் காலிக் கூடும் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஊசிமுனையால் ஒன்றை அழுத்தினால், உயிருள்ளது நசுங்கி ஈரம் கசியும். செத்தது காய்ந்த தவிடாக உதிரும். காலிக் கூடுகளை லென்ஸில் உற்றுப் பார்த்தால், வெளியே போனது யார் என்பதும் தெரியும். வெள்ளை ஈ வெளியேறிய கூட்டின் முதுகு, ஆங்கில டி எழுத்து வடிவில் பிளந்திருக்கும். குளவி வெளியேறியதில் துல்லியமான வட்டத் துளை இருக்கும். டி பிளவுகள் அதிகமென்றால் இன்னும் இரண்டு சுற்று அடிக்க வேண்டும். வட்டத் துளைகள் அதிகமென்றால் தெளிப்பானைக் கழுவி உள்ளே வைத்துவிடலாம்.